எல்லாத் தளமும் தரைத் தளம்

ஹம்சா வேலை பார்த்த கம்பெனியில் லிஃப்ட் கிடையாது. நந்தனத்தில் அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தரைத் தளத்தில் மூன்று அறைகள், அவ்வளவுதான் கம்பெனி. ஆனால் அங்கே தயாரானது லிஃப்டுக்குள் மாட்டும் பெட்டி. எந்தத் தளம், உள்ளே எவ்வளவு எடை என்பதைச் சிவப்பு எழுத்தில் காட்டி, வாய்விட்டும் சொல்லும் பெட்டி. அதன் குரல் முதலாளி சாய்நாத்தின் மனைவி வர்ஷினியுடையது. முன்பு வங்கிகளில் டோக்கன் கூப்பிடும் இயந்திரத்துக்காகப் பதிவு செய்த குரல் என்பதால், எத்தனை பெரிய எண்ணைக் கொடுத்தாலும் தடுமாறாமல் சொல்லிவிடும்.

அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற நிரலை சி மொழியில் எழுதுவது ஹம்சா. எட்டு வருடமாக எழுதுகிறாள். இந்த வருடம் பழைய சிப் சந்தையில் கிடைக்காமல் போனது. புதிதாக ஒன்றை வாங்கி, பழைய நிரலை அதில் ஏற்றினாள். மேஜைமேல் வைத்துச் சோதித்தாள். "தரைத் தளம்" என்றது வர்ஷினியின் குரல். ஆபீஸ் இருப்பதே தரைத் தளம். சரியாகத்தான் சொல்கிறது என்று எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

முதல் பெட்டி அடையாறு சாஸ்திரி நகரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டில் மாட்டப்பட்டது. மறுநாள் காலை குடியிருப்பு சங்கத்தின் செயலாளர் கிச்சா போன் செய்தார். கிருஷ்ணசுவாமி என்பது முழுப்பெயர். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்காம் மாடியில் மனைவி நீரஜாவுடன் குடியிருக்கிறார்.

"நீங்கதானே இந்தப் பெட்டியைப் பண்ணினது? நான் உள்ளே கால் வெச்சேன். என் எடை இருபத்தாறு லட்சம் கிலோங்கறது."

ஹம்சா எழுந்து நின்றுவிட்டாள். "எவ்வளவு?"

"இருபத்தாறு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம். நேத்து ராத்திரியிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடலை. ஆத்துல ஒரே சண்டை."

"தளம் சரியாச் சொல்லுதா சார்?"

கிச்சாவின் குரல் சட்டென்று குழைந்தது. "தளத்தைப் பத்தி நான் கம்ப்ளெயின்டே பண்ணலையே. அதை யாரும் தொட வேண்டாம். எடையை மட்டும் சரி பண்ணுங்கோ."

ஹம்சா நேரில் போனாள். வாசலில் காவலுக்கு இருந்த டில்லிபாபு அவளிடம் கேட்டான்: "யாரைப் பாக்கணும் மேடம்? செகரெட்ரியா? அவரு ஆயிரத்து இருபத்து நாலாவது மாடில கீறாரு."

சிரிக்காமல் சொன்னான். அவள் லிஃப்டில் ஏறினாள். ஒன்றாம் மாடியைத் தாண்டும்போது வர்ஷினியின் குரல், "இருநூற்று ஐம்பத்தாறாம் தளம்" என்றது. இரண்டில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்றில் எழுநூற்று அறுபத்தெட்டு. நான்காம் மாடியில் கதவு திறந்தபோது கிச்சா கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். ஏப்ரல் மாதம்.

"மேலே காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

ஹம்சாவுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. ஓர் எண்ணை நினைவில் வைக்கும்போது அதன் பெரிய பகுதியை முதலில் வைக்கிற இயந்திரங்கள் உண்டு, சின்னப் பகுதியை முதலில் வைக்கிறவையும் உண்டு. லிஃப்டின் மோட்டாரை ஓட்டுகிற கருவி முதல் கட்சி. அவளுடைய பழைய சிப்பும் அதே கட்சி, அதனால் இத்தனை காலம் தகராறில்லை. புதிய சிப் எதிர்க்கட்சி. அங்கிருந்து வரும் ஒவ்வோர் எண்ணையும் இது கால்மாடு தலைமாடாகப் படிக்கிறது. மேஜையில் ஏன் தெரியவில்லை என்றால், தரைத் தளத்தின் எண் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் பூஜ்ஜியம்தான்.

இதை அவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கிச்சா அவளை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போய், கட்டடங்களின் இடுக்கில் தெரிந்த ஒரு துண்டுக் கடலைக் காட்டினார். "முன்னாடியும் தெரிஞ்சுண்டுதான் இருந்தது. ஆனா இப்பத்தான் இவ்வளவு உயரத்துலேர்ந்து பாக்கறோம்னு தெரியறது." உள்ளேயிருந்து நீரஜாவின் குரல் கேட்டது: "ஏன்னா, நாலு மாடி நாலு மாடிதான். அந்தப் பொண்ணுக்கு ஜலம் குடுங்கோ முதல்ல."

இரண்டாம் மாடிக்காரர்களுக்குக் காது அடைத்ததாம். கொரியர் கொண்டு வந்த பையன், எழுநூற்று அறுபத்தெட்டு வரை ஏற முடியாது என்று பார்சலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனானாம். தரைத் தளத்தில் இருந்த அன்வரி பேகம் மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னத் தோட்டத்தில் புதினாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, "நாலு மாடி ஏறிட்டு ஆயிரம் மாடி பேச்சு பேசுறாங்கம்மா" என்று ஹம்சாவிடம் சொன்னதோடு சரி. தரைத் தளத்தாருக்கு மட்டும் தோட்டம் என்பது அந்தக் குடியிருப்பின் விதி. மேலே இருப்பவர்களுக்கு அதில் நெடுநாளாக ஒரு கண்.

ஆபீசுக்குத் திரும்பிய ஹம்சா எடையில்தான் கை வைத்தாள். எடை நான்கு பைட், அதாவது நினைவில் நான்கு கட்டம் பிடிக்கும் எண். நான்கையும் தலைகீழாகத் திருப்பிப் போடும் ஒரு சிறு துண்டு நிரலை எழுதி, அதற்குத் 'திருப்பு' என்று பெயர் வைத்தாள். தானே எடை மேடையில் ஏறி நின்று பார்த்தாள். ஐம்பத்தெட்டு கிலோ. உண்மையைவிட ஒரு கிலோ குறைவாக இருக்கக்கூடாதா என்ற ஏக்கத்தைத் தவிர வேறு குறையில்லை. அந்தச் சந்தோஷத்தில், கருவியிலிருந்து வரும் எல்லா எண்ணுக்கும் முன்னால் 'திருப்பு' என்று போட்டுவிட்டாள். தளத்துக்கும் சேர்த்து. கிச்சா தொடாதே என்றால் தொடாமல் இருக்க முடியுமா? மேஜையில் சோதித்தாள். "தரைத் தளம்" என்றது குரல். நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

சாய்நாத் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஓவரா?"

"ஓவர் சார்."

"சூப்பர் நைனா. ஏத்திடு." ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லோரும் நைனாதான்.

அடுத்த வாரம் வந்த போன் அன்வரி பேகத்தினுடையது. டீச்சர் குரல் உயர்த்தவில்லை. பாடம் கவனிக்காத பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் லிஃப்டு எல்லா மாடியையும் தரைத் தளம்னு சொல்லுது. நாலாவது மாடிக்காரர் காலையில வேட்டியைக் கொண்டாந்து என் தோட்டத்துல காயப்போடுறார். கேட்டா, 'நாங்களும் தரைத் தளம்தான், லிஃப்டையே கேளுங்கோ'ங்கிறார். நான் இப்ப என்ன பண்ண?"

ஹம்சா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மத்தியான வெயிலில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு சாஸ்திரி நகர் போனபோது நிலைமை அவள் நினைத்ததைவிட முற்றியிருந்தது. அந்தக் குடியிருப்பில் எல்லா மாடியும் ஒரே வார்ப்பு, எல்லாக் கதவும் ஒரே நிறம். லிஃப்ட் எங்கே நின்றாலும் "தரைத் தளம்" என்று சொல்ல, ஜனங்கள் வாசலுக்குப் போவதாக நினைத்து நடுவில் இறங்கினார்கள். நடுவில் இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் கிச்சா மூன்றாம் மாடியில் இறங்கி, திறந்திருந்த கதவு வழியே உள்ளே போய், சோபாவில் உட்கார்ந்து, "காப்பி" என்று குரல் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டு அஸ்வினி, சங்கத்து வேலையாக வந்திருப்பார் என்று நினைத்துக் காப்பி கொடுத்திருக்கிறாள். பாதி குடித்தபின்தான் டம்ளர் வேறாக இருப்பதைப் பார்த்தாராம். மீதியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாராம்.

"இன்னா மேடம் இது" என்றான் டில்லிபாபு. "யாரு எங்க கீறாங்கன்னே தெரில. பிளம்பர் ஒர்த்தன் காலைல மேல போனான். இன்னும் சுத்திக்கினு கீறான்."

ஹம்சா மடிக்கணினியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். கதவு மூடும் நேரத்தில் கிச்சா நுழைந்தார்.

"நானும் வரேன். சங்கத்துச் சொத்துல கை வைக்கறச்சே செயலாளர் கூட இருக்கணும்."

"தாராளமா வாங்க மாமா" என்றாள். சார் எப்போது மாமா ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்தாறு லட்சம் கிலோ மனிதரைப் பட்டினி போட்ட பாவம் காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. பேட்டரியில் ஓடும் ஹம்சாவின் பெட்டி மட்டும் சிவப்பாகப் பூஜ்ஜியத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"கரென்ட் போயிடுத்து" என்றார் கிச்சா. "ஜெனரேட்டர் லிஃப்டுக்குக் கிடையாது. அந்தத் தீர்மானத்தைத் தோக்கடிச்சதே நான்தான்."

ஹம்சா அபாயப் பொத்தானை அழுத்தினாள். அவள் பெட்டியே, லிஃப்ட் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று பராமரிப்புக்காரர்களுக்குச் செய்தி அனுப்பிவிடும். அந்த வசதியைச் சேர்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமை கால் நிமிடம் நீடித்தது. பிறகுதான், என்ன தளம் என்று போயிருக்கும் என்பது உறைத்தது.

பராமரிப்பு மெக்கானிக் இனாயத் பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டார். கீழே சாவி போட்டுத் தரைத் தளக் கதவைத் திறக்கும் சத்தம் மேலே கேட்டது. கிச்சா, "இங்கே, இங்கே!" என்று கத்தினார். பிறகு கதவு மூடும் சத்தம். ஹம்சா டில்லிபாபுவைப் போனில் பிடித்து, மெக்கானிக்கிடம் கொடுக்கச் சொன்னாள்.

"மேடம், லிஃப்டு இங்க இல்ல" என்றார் இனாயத். "டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். கம்ப்ளெயின்ட க்ளோஸ் பண்ணிட்டேன்."

"நாங்க மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கோம் சார்."

"இல்ல மேடம், நீங்க தரைத் தளத்துல கீறீங்க. அலாரத்துல அப்டித்தான் வந்துகீது."

"அந்த அலாரம் தப்பு. அதை எழுதினதே நான்தான்."

"நீங்களே தரைத் தளம்னு எழுதிட்டு, இப்ப மாத்திப் பேசினா நான் இன்னா பண்றது?"

பின்னணியில் டில்லிபாபு, "சார், மேலதான் சார் கத்துறாங்க, எனுக்கே கேக்குது" என்றான்.

"சத்தத்த வெச்செல்லாம் கதவு தொறக்கக் கூடாது. தப்பான மாடில தொறந்து யாராவது உள்ள உளுந்தா யார் பதில் சொல்றது? அலாரம் எந்தத் தளம்னு சொல்தோ அங்கதான் தொறக்கணும். ரூல்ஸ்."

போன் வைக்கப்பட்டது. ஹம்சாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. அந்த மனிதர் சொல்வதில் தப்பில்லை. கிச்சாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "நல்ல சிப்பந்தி. ரூல் தெரிஞ்ச ஆளைப் பாத்து எத்தனை நாளாச்சு!"

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கணினியை மடியில் வைத்துக் கேபிளைப் பெட்டியில் செருகினாள். கிச்சாவும் சுவரில் சாய்ந்தபடி மெல்லச் சரிந்து எதிரே உட்கார்ந்தார். வேர்த்து ஊற்றியது.

"நேக்கு ஒண்ணு சொல்லு. ஆயிரத்து இருபத்து நாலா இருந்தவா எப்படி ஒரே நாள்ல பூஜ்ஜியமானோம்?"

ஹம்சா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "பார்க்குல ரெண்டு பேர் உக்கார்ற பெஞ்ச் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்க மாமா. நீங்களும் மாமியும் உக்காந்திருக்கீங்க. இடத்தை மாத்தி உக்காருங்கன்னா?"

"அவ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்."

"அதேதான் வேணும். தளம்ங்கிறது ரெண்டு சீட் பெஞ்ச். ஆனா எடை பெரிய எண், அது நாலு சீட் பெஞ்ச். நான் எழுதின திருப்புற வேலைக்கு நாலு சீட் மட்டும்தான் தெரியும். அது உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் ஒரு நாலு சீட் பெஞ்ச்ல ஒரு ஓரமா உக்கார வெச்சுது. பக்கத்துல ரெண்டு சீட் காலி. அப்புறம் மொத்தமாத் திருப்பினதா, நீங்க ரெண்டு பேரும் அந்தக் கோடிக்குப் போயிட்டீங்க. திரும்ப ரெண்டு சீட் பெஞ்சுக்குக் கொண்டு வரணுமில்லையா? அது பழைய ஓரத்துல இருந்த ரெண்டு சீட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு வந்துது."

கிச்சா விரலால் லிஃப்டின் தரையில் நான்கு கட்டம் வரைந்து பார்த்தார். "அங்கே யாருமே இல்லையே!"

"யாருமே இல்ல. பூஜ்ஜியம்."

"நாங்க அந்தக் கோடியிலேயே நின்னுண்டிருக்கோம், யாரும் பாக்கலை."

"ஆமா மாமா."

"இதை அந்த மிஷின் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமோ? ரெண்டு பேரை எதுக்கு நாலு பேர் பெஞ்சுல உக்கார வெக்கறேன்னு?"

"சி மொழி கேக்காது மாமா. நாமதான் கேக்கணும். நான் கேக்கலை."

சொல்லிவிட்டு ஹம்சா 'திருப்பு' என்ற அந்தத் துண்டை அழித்தாள். அதே பெயரில் வேறு ஒன்றை எழுதினாள். தன் கையில் கொடுக்கப்பட்ட பொருள் எத்தனை பைட் என்று அது முதலில் பார்க்கும். ஒன்று என்றால் திருப்புவதற்கு எதுவுமில்லை, அப்படியே விட்டுவிடும். இரண்டு என்றால் இரண்டையும் மாற்றும். நான்கு என்றால் நான்கையும். வேறு எந்த அளவு வந்தாலும் இந்த நிரலையே தயாரிக்க மாட்டேன் என்று கம்பைலர் முரண்டு பிடிக்க வேண்டும். அதையும் எழுதினாள். எழுதியதும் வேண்டுமென்றே மூன்று பைட் பொருள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டு விழுந்தது. எட்டு வருடத்தில் திட்டு வாங்கி அவள் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, நிரலைப் பெட்டியில் ஏற்றினாள். பூஜ்ஜியம் அணைந்தது. பெட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு "மூன்றாம் தளம்" என்றது வர்ஷினியின் குரல்.

கிச்சா கேட்டுக்கொண்டே இருந்தார். "மூணா? நாங்க நாலாச்சே."

"கடைசியா தாண்டினது மூணு. அதைத்தான் சொல்லும்."

"ம்." அவர் இன்னும் கழுத்தில் இருந்த மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆயிரத்திலிருந்து இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

ஹம்சா மறுபடி அபாயப் பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் படிகளில் இனாயத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. லிஃப்டின் அடிப்பகுதி இடுப்புயரத்தில் நின்றது. இனாயத்தும் டில்லிபாபுவும் கைகொடுத்து இருவரையும் இறக்கினார்கள். அஸ்வினி தண்ணீர் கொண்டு வந்தாள். அன்வரி பேகமும் மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி வந்து நின்றிருந்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், இனாயத்தைத் தவிர. அவர் தன் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சிக்கல் கீது" என்றார். "மொத அலாரம் தரைத் தளம். அதுல லிஃப்டு இல்லன்னு நான் க்ளோஸ் பண்ணேன். ரெண்டாவது அலாரம் மூணாவது மாடி, அதே லிஃப்டு. இப்ப ஆபீஸ்ல கேக்குறாங்க, மொத அலாரத்துல மாட்டிக்கினு இருந்தவங்க எங்கன்னு. அவங்கள மீட்காம இத மூட முடியாதாம்."

"அவங்களும் நாங்கதான்" என்றாள் ஹம்சா.

"உங்கள மூணாவது மாடில மீட்டாச்சே. அவங்க தரைத் தளத்துல மாட்டிக்கினவங்க."

அன்வரி பேகம் இரண்டு விரலை நீட்டி எண்ணிப் பார்த்து, மடக்கிக்கொண்டார். கணக்கில் இடமில்லாத கேள்வி.

"இதுக்கு என்ன வழி?" என்று கிச்சா கேட்டார். குரலில் எரிச்சல் இல்லை. பழைய ஆபீஸ் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தவர் போல நிமிர்ந்திருந்தார்.

"தரைத் தளத்துல ரெண்டு பேரு உள்ள இருக்கணும். நான் தொறந்து எறக்கணும். ஒரு போட்டோ. அவ்ளோதான்."

"ஹம்சா, வா" என்றார் கிச்சா.

"மாமா, இப்பத்தானே வெளியில வந்தோம்!"

"மீட்காம விட்ட கேஸ் ஒண்ணு நம்ம கட்டடத்து பேர்ல நிக்கலாமோ? நாளைக்கு நிஜமா யாராவது மாட்டிண்டா, முதல்ல அவாளை எடுங்கோன்னு சொல்லுவா."

மின்சாரம் வரும்வரை காத்திருந்தார்கள். அஸ்வினி வீட்டில் எல்லோருக்கும் காப்பி. கரென்ட் வந்ததும் இருவரும் லிஃப்டில் ஏறிக் கீழே போனார்கள். "இரண்டாம் தளம்" என்றது. "முதல் தளம்" என்றது. "தரைத் தளம்" என்றது. கதவு தானாகத் திறக்கப் பார்த்தது. வெளியே நின்ற இனாயத், "மூடுங்க, மூடுங்க, நான்தான் தொறக்கணும்" என்று கத்தினார். கிச்சா உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தி மூடினார். பிறகு சாவி போடும் சத்தம் கேட்டது. கதவு இனாயத்தின் கையால் திறந்தது. டில்லிபாபு படம் எடுத்தான். படத்தில் கிச்சா நெடுநேரம் மாட்டிக்கொண்டவர் போலச் சோர்ந்து நின்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"மீட்டாச்சு" என்றார் இனாயத், திரையைத் தட்டிவிட்டு. அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. இருவருக்கும் கைகொடுத்தார்.

ஹம்சா வாசல் படியில் உட்கார்ந்து சாய்நாத்துக்குப் போன் செய்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். திருப்புகிற இடத்திலெல்லாம் இனி அளவைப் பார்த்துத்தான் திருப்பும் என்றாள். இனிமேல் சோதனைக்கு ஆபீசைவிட உயரமான ஓர் இடம் வேண்டும் என்றும் சொன்னாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் நைனா. கஸ்டமர் ஹாப்பியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தரைத் தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. கிச்சா மஃப்ளரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலையிலிருந்து வழி தெரியாமல் சுற்றிய பிளம்பரின் தோளில் கைவைத்து அவனை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். "நீ எங்கே போகணும்? ரெண்டாவது மாடியா? வா, நான் கொண்டு விடறேன். அது சொல்றச்சே நன்னாக் காது குடுத்துக் கேளு."

"ஹாப்பிதான் சார்" என்றாள் ஹம்சா.